ஒரே ஒரு ஆமாம்

அந்த அடுக்குமாடிக் கட்டிடத்தில் ஆமாம் என்ற சொல் செத்துப்போய்க் கொஞ்ச காலம் ஆகியிருந்தது.

இயற்கைச் சாவு இல்லை. பயத்தில் செத்தது. முன்பின் தெரியாத எண்ணிலிருந்து ஃபோன் வரும். "ஹலோ, நான் பேசறது கேக்குதா?" என்று ஒரு குரல். கேட்கத்தானே செய்கிறது என்று இவர்களும் "ஆமாம்" என்பார்கள். அவ்வளவுதான், எதிராளி வைத்துவிடுவான். பிறகு ஒருநாள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் அதே ஆமாம் ஒலிபெருக்கியில் வரும். முன்னால் மட்டும் வேறு கேள்வி ஒட்டப்பட்டிருக்கும். "உங்கள் வீட்டைக் காலி செய்து, கட்டிடத்தை இடிக்கக் கொடுக்கச் சம்மதமா?" "ஆமாம்."

மாடி இறங்க முடியாதவர்கள் கையெழுத்துக்காகக் கஷ்டப்பட வேண்டாம், ஃபோனில் வாயால் சொன்னாலே போதும் என்று சங்கம் ஒரு விதி போட்டிருந்தது. விதியைக் கொண்டுவந்த செயலாளருக்கு அன்றைக்கு எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். தட்டிய கைகள் இப்போது தலையில் இருந்தன.

விஷயம் வெளியே வந்ததும் அதே செயலாளர்தான் அறிவிப்பும் ஒட்டினார்: "உங்கள் ஃபோனில் யார் எதைக் கேட்டாலும் ஆமாம் என்று சொல்லாதீர்கள்." குடியிருந்தவர்கள் சொன்ன பேச்சைக் கேட்பவர்கள். ஃபோனில் ஆரம்பித்த பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிட்டது. மூன்றாம் மாடிக் கணக்கு வாத்தியார், மனைவி "சாப்பாடு போடட்டுமா?" என்றால், "மறுப்பதற்கில்லை" என்றார். எட்டாம் மாடிப் பெண்ணிடம் அவள் காதலன், "என்னைக் கட்டிக்கிறியா?" என்று உருகியபோது, "ஆட்சேபணை எழவில்லை" என்றாள். கல்யாணமும் நடந்தது, நன்றாகத்தான் இருக்கிறார்களாம். வாசல் காவலாளி ஃபோனிலும் தலையை மட்டும் ஆட்டினார். எதிர்முனையில் இருப்பவர்கள் அவர் இறந்துவிட்டதாக நினைத்து அனுதாபம் தெரிவித்தார்கள்.

இத்தனைக்குப் பிறகும் கூட்டத்துக்குக் கூட்டம் புதுப்புது ஆமாம்கள் வந்துகொண்டே இருந்தன. எங்கிருந்து வருகின்றன என்பதுதான் யாருக்கும் பிடிபடவில்லை. கட்டிடத்தை இடிக்க இன்னும் ஒரே ஒரு வீடு பாக்கி. ஆறாம் மாடித் தையல்காரம்மாவின் வீடு.

அந்த ஆமாமும் வந்துவிட்டது. இன்று சாயங்காலம் கீழே கூடத்தில், கட்டுமானக் கம்பெனி வக்கீலின் முன்னால் அதைப் போட்டுக் காட்டப்போகிறார்கள். வக்கீல் கேட்டு ஒப்புக்கொண்டால் கட்டிடம் கைமாறிவிடும்.

அதற்குக் கொஞ்சம் முன்புதான் பூதக்கண்ணாடியும் அவர் மச்சினனும் தையல்காரம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

பூதக்கண்ணாடி என்பது அந்தத் துப்பறிவாளருக்கு ஊர் வைத்த பெயர். அவரிடம் பூதக்கண்ணாடி எதுவும் கிடையாது. அவருடைய மூக்குக்கண்ணாடியின் கனம் அப்படி. ஒருமுறை அதைக் கழற்றி வெயிலில் வைத்துவிட்டுத் தூங்கிப்போக, எதிரே நடந்துகொண்டிருந்த ஒரு திருடனின் சட்டை பற்றிக்கொண்டு, அவன் தானாகவே காவல் நிலையத்துக்குள் ஓடித் தண்ணீர் கேட்டான் என்பார்கள். அவர் அதை மறுத்ததில்லை. மச்சினன் அவர் மனைவியின் தம்பி. கல்யாணத்தின்போது மனைவியோடு வந்து இறங்கியவற்றில் இன்றுவரை பழுதாகாமல் ஓடுவது அவன் வாய் ஒன்றுதான்.

தையல்காரம்மா தன் ஃபோனில் அந்தப் பதிவைப் போட்டாள். செயலாளர் அவளுக்கு ஒரு பிரதி அனுப்பியிருந்தார்.

"...கொடுக்கச் சம்மதமா?"

"ஆமாம்!"

"என் குரல்தான். ஆனா நான் சொல்லல" என்றாள் அவள். இரண்டு தையல் மெஷின்கள், துணி வெட்டும் மேஜை, தலையில்லாத அளவு பொம்மை ஒன்று. இவற்றுக்கு நடுவே ஜன்னல் வெளிச்சத்தில் நின்றாள். "இந்த ஜன்னலை நம்பித்தான் சார் என் பொழப்பு. வடக்கு வெளிச்சம். இங்க வெட்டினா நிறம் மாறித் தெரியாது. வேற எங்க போய் உக்காருவேன்?"

"நான் சொல்லலன்னு எல்லாரும்தான் சொல்றாங்க அக்கா" என்றான் மச்சினன். "எங்க அத்தான்கூடக் கல்யாணத்துக்கு அப்புறம் அதைத்தான் சொல்லிக்கிட்டு இருக்காரு."

"மச்சான், வாயை மூடு. அம்மா, அதை இன்னொரு தடவை போடுங்க."

அவள் போட்டாள். போட்டுவிட்டு, பழக்க தோஷத்தில் மேஜையிலிருந்த டப்பாவிலிருந்து குண்டூசிகளை எடுத்து வரிசையாக உதடுகளுக்கு நடுவே செருகிக்கொண்டாள். அளவு பொம்மையின் தோளில் ஒரு மடிப்பைப் பிடித்து, வாயிலிருந்து ஒவ்வொன்றாக உருவிக் குத்த ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. ஊசிகளை எடுக்காமலே காதில் வைத்தாள்.

"ம்... ம்ஹூம்... ம்... ம்ம்." வைத்துவிட்டாள். "ஃதட்டை தஃயாராந்நு கேக்கறாங்ஃ."

"மாடு அசை போடற மாதிரி இருக்கு அக்கா. தப்பா எடுத்துக்காதீங்க" என்றான் மச்சினன். "மாட்டைத்தான் சொன்னேன்."

பூதக்கண்ணாடி நாற்காலியைவிட்டு எழுந்தார். "வீட்டுல இருக்கும்போது எப்பவுமே வாயில ஊசிதானா?"

அவள் ஊசிகளைத் துப்பாமல் தலையாட்டினாள்.

"அப்ப இந்த ஆமாமை இந்த வீட்டுல நீங்க சொல்லல. கேட்டியா மச்சான்? வாய் நிறையச் சொன்ன ஆமாம். பல்லு, நாக்கு, உள்நாக்கு வரைக்கும் தெரியுது. இது ஊசி இல்லாத வாய்."

"வெளியில போனப்ப யாராச்சும் ஃபோன் பண்ணியிருக்கலாமே?"

"ஃபோனை நான் வெளிய எடுத்துட்டே போறதில்ல தம்பி" என்றாள் அவள், ஊசிகளை டப்பாவில் போட்டபடி. "ரெண்டு கையிலயும் துணி மூட்டை இருக்கும்."

"அப்ப ஃபோன் இல்லாமலே ஃபோன்ல பேசியிருக்கீங்க. அத்தான், கேஸ் முடிஞ்சுது. பேய்."

பூதக்கண்ணாடி மூன்றாம் முறையும் பதிவைக் கேட்டார். "இன்னொண்ணு கவனி. வீட்டைக் கொடுக்கச் சம்மதமான்னு கேட்டா யார் இப்படி ஆமாம் சொல்வாங்க? இழுத்து, முனகி, பெருமூச்சோட வரணும். இது எப்படி வருது? தொலைஞ்சு போன குழந்தை திரும்பக் கிடைச்ச மாதிரி வருது. இவ்வளவு ஆனந்தம் எதுக்கு?" அவள் பக்கம் திரும்பினார். "அம்மா, சமீபத்துல நீங்க ரொம்ப சந்தோஷப்பட்டது எப்போ?"

அவள் யோசித்தாள். நேரம் எடுத்துக்கொண்டு யோசித்தாள். கேட்டிருக்கவே வேண்டாம் என்று தோன்றும் அளவுக்கு யோசித்தாள்.

"லிஃப்ட்ல மாட்டிக்கிட்டு, அப்புறம் கதவு திறந்துச்சே, அன்னைக்குத்தான் சார்" என்றாள்.

பூதக்கண்ணாடி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் அதைத் துடைத்தால் யாருக்கோ கெட்ட காலம் என்று அர்த்தம்.

"அந்த லிஃப்ட்ல யார்தான் மாட்டல?" என்றாள் அவள். "இங்க குடியிருக்கிற அத்தனை பேரும் ஒரு தடவையாவது மாட்டியிருக்கோம்."

"செயலாளருமா?"

"அவர் ஏறவே மாட்டாரே. ஒன்பதாம் மாடி. ரெண்டு முழங்காலும் தேஞ்சு போச்சு. ஆனாலும் படிதான். உடற்பயிற்சிங்கறாரு. கீழ போய்ச் சேர்றதுக்குள்ள கண்ணுல தண்ணி வந்துரும். பாக்கவே பாவமா இருக்கும்."

"கீழ சங்க அறை இருக்கே, அதுக்குச் சாவி யார்கிட்ட இருக்கு?"

"அவர்கிட்டதான். யாரையும் உள்ள விடமாட்டாரு." அவள் சட்டென்று நிறுத்தினாள். "ஜன்னல் திரைக்கு அளவெடுக்க என்கிட்ட ஒரு சாவி கொடுத்தாரு. திரையை வாங்கிக்கிட்டாரு, சாவியைக் கேக்க மறந்துட்டாரு. நானும் மறந்துட்டேன்."

துப்பறிவாளர் அவள் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். கொஞ்சம் நீளமாகவே சொன்னார். அவள் முகத்தில் முதலில் பயமும், பிறகு வேறு ஏதோ ஒன்றும் வந்தது. ஊசி டப்பாவையும் ஒரு சாவியையும் எடுத்துக்கொண்டு, படிக்கட்டு வழியாக விறுவிறுவென்று இறங்கிப் போனாள்.

"என்கிட்ட எதுவும் சொல்ல மாட்டீங்க" என்றான் மச்சினன். "நான் யாரு, அசலூர்க்காரன்."

"உன்கிட்ட சொன்னா உன் மூஞ்சி எல்லார்கிட்டயும் சொல்லிடும். வா, மேல போகலாம்."

*

ஒன்பதாம் மாடியில் செயலாளர் அப்போதுதான் வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார். தடித்த, மென்மையான மனிதர். காலடியில் ஒரு பெரிய ஒலிபெருக்கிப் பெட்டி. இத்தனை பேருடைய ஆமாம்களும் அதற்குள்தான் இருந்தன. அதைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டைப் பார்த்த பார்வையில், தூக்குமேடையைப் பார்க்கிறவனின் மரியாதை இருந்தது.

"சார், இந்த முழங்காலோட இதையா தூக்கறீங்க?" என்று மச்சினன் பாய்ந்து பெட்டியைப் பிடுங்கிக்கொண்டான். அதற்கு மட்டும் அவனுக்குக் கண்ஜாடை கிடைத்திருந்தது. நேராக லிஃப்டுக்குள் போய் நின்றான்.

"வேண்டாம் தம்பி. நான் படியிலயே..."

"நீங்க படியில வாங்க சார். பெட்டி லிஃப்ட்ல வரட்டும்" என்றார் பூதக்கண்ணாடி, அவரும் உள்ளே போய். "நீங்க வர்றவரைக்கும் நாங்க சும்மா போட்டுக் கேட்டுக்கிட்டு இருக்கோம்."

செயலாளர் பெட்டியைப் பார்த்தார். படியைப் பார்த்தார். பெட்டியைவிட்டுப் பிரிய அவருக்கு மனம் வரவில்லை. உள்ளே வந்தார்.

கதவு மூடியது.

மூன்று ஆண்களும் ஒரு பெட்டியும் நின்றதும் அந்த லிஃப்டில் காற்றுக்கு இடமில்லாமல் போயிற்று. நாலு பக்கமும் தகரம். ஒரு பக்கம் கீறல் விழுந்த கண்ணாடி. அதில் மச்சினன் இரண்டாகத் தெரிந்தான். தலைக்கு மேல் ஒரு சின்ன மின்விசிறி, காற்றைக் கடன் கொடுப்பவன் போல் தயங்கித் தயங்கிச் சுற்றியது. எண்கள் எட்டு, ஏழு என்று இறங்கின.

ஆறைத் தாண்டியதும் நின்றது.

மாடி வந்து நிற்கிற நிற்பு இல்லை அது. முழங்கால் மடங்குகிற நிற்பு. விளக்கு மஞ்சளாகி மங்கியது. மின்விசிறி கடைசியாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஓய்ந்தது. அந்தச் சத்தம் நின்ற பிறகுதான், இதுவரை அதுதான் துணைக்கு இருந்தது என்பது தெரிந்தது.

"அத்தான்" என்றான் மச்சினன். "எனக்குச் சின்ன இடம் ஆகாது."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் கூட்டிட்டு வந்தீங்களா? அக்காகிட்ட சொல்வேன். உயிரோட இருந்தா சொல்வேன்." அவன் கதவின் இடுக்கில் விரல் நகத்தை விட்டு நெம்பிப் பார்த்தான். இடுக்கின் பின்னால் சுண்ணாம்புச் சுவர் தெரிந்தது. "சுவரு. கதவுக்குப் பின்னாடி சுவரு. நம்மள வெச்சுக் கட்டிட்டாங்க."

செயலாளர் அமைதியாக ஒலிபெருக்கிப் பெட்டிமீது உட்கார்ந்தார். "பதறாதீங்க தம்பி. கரண்ட் போயிருக்கும். வந்துரும்."

நேரம் போயிற்று. வரவில்லை. மூன்று பேரும் விட்ட மூச்சையே மூன்று பேரும் மாற்றி மாற்றி இழுத்தார்கள். அது திரும்பி வரும்போது ஒவ்வொரு தடவையும் இன்னும் சூடாக வந்தது. மச்சினனின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கண்ணாடியில் ஆவி படிந்து, இரண்டு மச்சினன்களும் மறைந்தார்கள்.

"இந்தச் சிவப்புப் பொத்தான்?" என்றான் அவன். "ஆபத்துக்கு அழைக்கவும்னு போட்டிருக்கு. இதைவிட ஆபத்து இனிமே எனக்கு வராது."

"அதை அமுக்காதீங்க. பிரயோஜனம் இல்ல" என்றார் செயலாளர்.

"மாட்டினவங்களையெல்லாம் அதுதான் காப்பாத்துச்சாமே?" என்றார் பூதக்கண்ணாடி.

"இப்ப யாரும் எடுக்க மாட்டாங்க."

"ஓஹோ" என்றார் பூதக்கண்ணாடி.

மச்சினன் அமுக்கினான். சுவருக்குள் எங்கோ மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. செயலாளர் வருத்தத்தோடு உதட்டைப் பிதுக்கினார், பார்த்தீர்களா என்பதுபோல்.

கிளிக்.

பொத்தானுக்கு மேலே இருந்த சல்லடைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத, கொழகொழத்த குரல். ஈரத்துணிக்குள்ளிருந்து பேசுவதுபோல்.

"ஃஅலோ. நாந் ஃபேசறது கேக்குதா?"

மச்சினனுக்குக் கண்ணில் நீர் துளிர்த்துவிட்டது. வாயெல்லாம் சிரிப்பாக, உள்நாக்குத் தெரியத் திறந்தான். "ஆமா—"

பூதக்கண்ணாடியின் உள்ளங்கை அவன் வாயில் வந்து விழுந்தது. முழுச் சொல்லும் உள்ளேயே போயிற்று.

"பாத்தியா மச்சான்?" என்றார் அவர் மெதுவாக. "ஆனந்தம்! நீயே நல்லாக் கேட்டிருப்ப. தையல்காரம்மாவோட ஆமாம் இங்கதான் பிறந்துச்சு. எல்லாரோட ஆமாமும் இங்கதான் பிறந்துச்சு. சொந்த ஃபோன்ல வாயைத் திறக்காதவங்க, இந்தத் தகரப் பெட்டிக்குள்ள மாட்டிக்கிட்டா என்ன சொல்வாங்க? கேக்குதா? ஆமாம். வெளிய வரணுமா? ஆமாம், ஆமாம். திறக்கச் சம்மதமா? ஆயிரம் தடவை ஆமாம். அதுல ஒண்ணை வெட்டி எடுத்துக்கிட்டா போதும்."

மச்சினன் கைக்குள்ளிருந்து ஏதோ சொன்னான். கையை எடுத்ததும் அது, "மூச்சு விட விடுங்க" என்று தெரியவந்தது. மூச்சு விட்ட பிறகு கேட்டான்: "அப்ப அந்தப் பக்கம் பேசறது திருடனா? திருடன் வந்துதான் நம்மளைத் திறந்து விடணுமா?"

"இல்ல. திருடன் இந்தப் பக்கம் இருக்கான். கொஞ்சம் திரும்பிப் பாரு."

செயலாளர் பெட்டியில் உட்கார்ந்திருக்கவில்லை. பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் சரிந்திருந்தார். முகத்தில் இரத்தம் என்று ஒன்று ஓடியதற்கே அடையாளம் இல்லை. கண்கள் அந்தச் சல்லடையைவிட்டு நகரவில்லை.

"லிஃப்ட் நின்னப்ப நாங்க ரெண்டு பேரும் பயந்தோம்" என்றார் பூதக்கண்ணாடி. "நீங்க பயப்படல. ஃபோன்ல குரல் வந்துச்சு. எங்களுக்கு உயிர் வந்துச்சு. உங்களுக்கு உயிர் போயிடுச்சு. ஏன் சார்? காப்பாத்த வந்த குரலைக் கேட்டு எவனாவது நடுங்குவானா? லிஃப்ட் ஃபோன் போய்ச் சேர்ற சங்க அறையில யாரும் இருக்க முடியாதுன்னு தெரிஞ்சவன் மட்டும்தான் நடுங்குவான். ஏன்னா அந்த அறையில வழக்கமா உக்காந்து, லிஃப்டை நிறுத்திட்டு, குரலை மாத்திப் பேசறவனே அவன்தான். நிறுத்தறதும் நீங்க, திறக்கறதும் நீங்க. நீங்களே உள்ள இருந்தா உங்களை யார் திறப்பாங்க? முழங்கால் தேஞ்சாலும் படிதான் நல்லதுன்னு ஏன் நினைச்சீங்கன்னு இப்பப் புரியுது."

"ஃஅலோ" என்றது சல்லடை. "செஃயலாளர்தாநே ஃபேசறது?"

செயலாளரின் உதடுகள் அசைந்தன. "சொல்லுங்க" என்றார் வறண்ட குரலில்.

"கஃதவைத் திறக்கந்நுமா?"

"திறங்க. தயவுசெஞ்சு திறங்க."

"பாத்துக்கோ மச்சான், கெட்டிக்காரர்" என்றார் பூதக்கண்ணாடி. "இந்த நிலைமையிலயும் அந்த ஒரு சொல்லை மட்டும் விடமாட்டேங்கறாரு."

"என்மேல என்ன தப்பு? அறிவிப்பு ஒட்டினதே நான்தான்!" என்று சீறினார் செயலாளர்.

"அதுல உங்கள் ஃபோனில்னுதான் இருக்கு. லிஃப்ட் ஃபோன்ல சொல்லாதீங்கன்னு இல்ல. ஆனா நீங்க இங்கயும் சொல்ல மாட்டேங்கறீங்க. இங்க சொன்னா என்ன ஆகும்னு தெரிஞ்ச ஆள் இந்தக் கட்டிடத்துலயே ஒருத்தர்தான்."

"நிரூபிக்க முடியாது. கீழ வக்கீல் வந்திருப்பாரு. பதிவு பதிவுதான். அந்தம்மா குரல்தான் அது, அவங்களே ஒத்துக்கிட்டாங்க. நான் இல்லாமலே கூட்டம்..."

அவர் முடிக்கவில்லை. லிஃப்ட் விழுந்தது.

அதிகம் இல்லை, ஒரு முழம் இருக்கலாம். ஆனால் கீழே இன்னும் எத்தனை முழம் இருக்கிறது என்று மூன்று வயிறுகளும் தனித்தனியே கணக்குப் போட்டன. விளக்கு அணைந்தது. இருட்டில் கம்பி ஒன்று முனகியது. மச்சினன் துப்பறிவாளரின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். துப்பறிவாளர் யாரைக் கட்டிக்கொண்டார் என்பது இருட்டில் தெரியவில்லை.

"செஃயலாளர்தாநே?" என்றது இருட்டு.

"ஆமாம்!"

"கஃதவைத் திறக்கந்நுமா?"

"ஆமாம்! ஆமாம்! ஐயோ, ஆமாம்!"

வாய் நிறைய வந்தது. பல், நாக்கு, உள்நாக்கு எல்லாம் அதில் இருந்தன.

விளக்கு எரிந்தது. மின்விசிறி இருமிவிட்டுச் சுற்றியது. லிஃப்ட், எதுவுமே நடக்காததுபோல், தரைத்தளத்தில் போய் நின்று மணி அடித்தது.

*

கூடம் நிரம்பியிருந்தது. கறுப்புக் கோட்டு வக்கீல் முன்னால் உட்கார்ந்து பேனாவின் மூடியைத் திறந்து வைத்திருந்தார். தையல்காரம்மா ஒரு ஓரத்தில், உதடுகளை இறுக்கி மூடியபடி நின்றிருந்தாள்.

செயலாளர் சீக்கிரமே தேறிவிட்டார். வெளிச்சமும் ஆட்களும் இருந்தால் அவருக்குத் தைரியம் வந்துவிடும். வேர்வையைத் துடைத்துக்கொண்டு ஒலிபெருக்கியை வைத்தார். போட்டார்.

"உங்கள் வீட்டைக் காலி செய்து, கட்டிடத்தை இடிக்கக் கொடுக்கச் சம்மதமா?"

"ஆமாம்!"

"இது உங்க குரல்தானா?" என்று வக்கீல் அவளைப் பார்த்துக் கேட்டார்.

அவள் தலையை அசைத்தாள். கூடத்தில் ஒரு பெருமூச்சு எழுந்து அடங்கியது. எல்லா வீடுகளும் அந்த மூச்சில் போய்விட்டதுபோல் இருந்தது. வக்கீலின் பேனா காகிதத்தைத் தொடப் போயிற்று.

"ஒரு நிமிஷம் வக்கீல் சார்" என்றார் பூதக்கண்ணாடி. "இன்னொரு சம்மதம் பாக்கி இருக்கு. சுடச்சுட வந்தது."

தையல்காரம்மா முன்னால் வந்தாள். சங்க அறை அலமாரியிலிருந்து எடுத்த ஒரு சின்னப் பதிவுக் கருவியை ஒலிபெருக்கியில் செருகினாள். செயலாளர் அதைப் பார்த்துக் கையை நீட்டினார்; அதற்குள் கருவி பேசியது. கேள்வி கேட்டது அவள் குரல், ஊசி இல்லாத தெளிவான குரல்.

"ஒன்பதாம் மாடியிலிருக்கும் உங்கள் வீட்டை, இந்தக் கட்டிடத்தின் காவலாளிக்கு இனாமாக எழுதிக் கொடுக்கச் சம்மதமா?"

"ஆமாம்! ஆமாம்! ஐயோ, ஆமாம்!"

காவலாளி வாசலில் தலையை ஆட்டினார். இந்த முறை ஏன் ஆட்டுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

"வெட்டி ஒட்டறதுதானே என் தொழிலே" என்றாள் தையல்காரம்மா, யாரிடமும் இல்லாமல்.

"அநியாயம்!" செயலாளர் மேஜையில் அடித்தார். "இது மோசடி! இந்தக் கேள்வியை என்கிட்ட யாரும் கேக்கல. நான் லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டு மூச்சு முட்டிக் கிடந்தேன். கதவைத் திறக்கணுமான்னு கேட்டாங்க. அதுக்குச் சொன்ன ஆமாம் இது! அந்த நிலைமையில யாரா இருந்தாலும் எதுக்கும் ஆமாம்னுதான் சொல்வாங்க! லிஃப்ட்டுக்குள்ள சொன்ன ஆமாம் எப்படிச் செல்லும்?"

கூடமே வக்கீலைத் திரும்பிப் பார்த்தது.

"எழுதிக்கிட்டீங்களா வக்கீல் சார்?" என்றார் பூதக்கண்ணாடி. "லிஃப்ட்டுக்குள்ள சொன்ன ஆமாம் செல்லாது. சங்கச் செயலாளரே, எல்லாரும் பார்க்க, மேஜையில அடிச்சுச் சொல்லியிருக்காரு. இதுக்கு மேல நான் என்ன வாதாடறது?"

முதலில் கணக்கு வாத்தியார்தான் எழுந்தார். "நானும் லிஃப்ட்ல மாட்டினேன். கேக்குதான்னு ஒருத்தன் கேட்டான்." எட்டாம் மாடிப் பெண் எழுந்தாள். "என்கிட்டயும் கேட்டான்." பிறகு யார் எழுந்தார்கள், யார் எழவில்லை என்று பார்க்க முடியாதபடி கூடமே நின்றது. வக்கீல் தையல்காரம்மாவின் பதிவை இன்னொரு தடவை போட்டார். செயலாளரின் பதிவைப் போட்டார். இரண்டு ஆமாம்களுக்குப் பின்னாலும் ஒரே தகரம் அதிர்ந்தது. ஒரே மகிழ்ச்சி. அவர் பேனாவை மூடினார்.

செயலாளர் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தார். அங்கே காவலாளி நின்றிருந்தார். "போகலாமா?" என்று கேட்டதற்கு, வாழ்க்கையில் முதன்முறையாக அவர் தலையைக் குறுக்கே ஆட்டினார்.

மச்சினன் துப்பறிவாளரின் கையைச் சுரண்டினான். "எல்லாம் சரி அத்தான். அந்த லிஃப்ட் கீழ விழுந்துச்சே, அதுவும் உங்க ஏற்பாடா?"

"இல்ல. அம்மா தப்பான பொத்தானை அமுக்கிட்டாங்க. அப்ப நான் உன்னைவிட அதிகமாப் பயந்தேன்."

"தெரியும். நீங்க செயலாளரைத்தான் கட்டிப்பிடிச்சீங்க."

"உங்க அக்காகிட்ட சொல்வியா?"

"மறுப்பதற்கில்லை."

தையல்காரம்மா படியேறப் புறப்பட்டாள். கையில் ஊசி டப்பா. பழக்கத்தில் உதடுகளுக்கு நடுவே மறுபடியும் ஊசி வரிசை. வக்கீல் அவளைக் கூப்பிட்டு, இந்த முறை மிகவும் மரியாதையாகக் கேட்டார். "அம்மா, பதிவுக்காக ஒரே ஒரு கேள்வி. நீங்க அந்த வீட்டுலயே இருக்கப் போறீங்களா?"

அவள் முதல் படியில் நின்றாள். ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டாள். கடைசி ஊசியையும் போட்டு, மூடியை அழுத்தி மூடினாள். நாலு பக்கமும் திறந்திருந்த அந்தக் கூடத்தில், எந்தக் கதவும் மூடாத இடத்தில் நின்றுகொண்டு சொன்னாள்:

"ஆமாம்."